நான்கடித் தொட்டியில் டோவி வளர்க்கலாமா?

திருச்சி நண்பர் கேட்டது, 7 ஜனவரி 2024

சென்னை கொளத்தூர் வண்ணமீன் சந்தையில், சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த டோவி மீனின் குஞ்சுகள் வந்திருப்பதாக ஒருவர் படம் அனுப்பினார். இரண்டங்குலம் இருக்கும். ஆறு ஆண்டுகளாக ஆஸ்கார் மீன் வளர்க்கிறேன், பெரிய மீன் எனக்குப் புதிதல்ல. நான்கடித் தொட்டி ஒன்று காலியாகக் கிடக்கிறது. ஓராண்டுக்கு அது போதும், பிறகு பெரிய தொட்டி கட்டிக்கொள்கிறேன். ஒன்று வாங்குவதா, ஜோடியாக வாங்குவதா? ஆஸ்காரோடு விடலாமா? வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.

7 ஜனவரி 2024, இரவு

நான் வளர்க்கிறேன். 2017 பிப்ரவரியில் இரண்டங்குலக் குஞ்சாக வாங்கினேன். இப்போது 58 சென்டிமீட்டர், ஆண். எட்டடித் தொட்டியில் தனியாக இருக்கிறான்.

ஆஸ்காரோடு வேண்டவே வேண்டாம். ஆஸ்கார் உருவத்தில் பெரியதே தவிர மனத்தில் சாது. டோவிக்கு ஆறு மாதம் ஆனதும் ஆஸ்கார் மூலையில் ஒண்டத் தொடங்கும், எட்டாவது மாதம் வாலில்லாமல் மிதக்கும்.

ஜோடி வேண்டுமென்றால் தொட்டியின் நடுவே பிளாஸ்டிக் கட்டத் தட்டி வைத்து, பெண் மட்டும் நுழையும் அளவில் ஒரு ஓட்டை வெட்டிவிடுங்கள். பெண்ணுக்கு வேண்டும்போது அந்தப் பக்கம் போகும், ஆண் துரத்தினால் திரும்பிவிடும். நான் செய்திருக்கிறேன், முட்டையும் வந்தது.

நான்கடித் தொட்டி ஓராண்டுக்குத் தாங்கும். பிறகு எட்டடி கட்டாயம்.

தீனிக்கு நல்ல பெல்லட் (கடையில் விற்கும் உருண்டைத் தீனி), உரித்த இறால், நெத்திலி. உயிருள்ள தங்கமீனைப் போட்டு வேடிக்கை பார்க்கும் பழக்கம் வேண்டாம்.

8 ஜனவரி 2024

மதுரையிலிருந்து ஒருவர், டோவி என்பது ஜாகுவார் சிக்லிட்டின் இன்னொரு பெயரா என்று கேட்டிருக்கிறார். இல்லை. இரண்டும் பாராக்ரோமிஸ் என்ற ஒரே பேரினத்தைச் சேர்ந்தவை. ஜாகுவார் பாராக்ரோமிஸ் மனாகுவென்சிஸ், இது பாராக்ரோமிஸ் டோவி. ஜாகுவாரின் உடம்பு கனத்தது, சிறுத்தைப் புள்ளி கொண்டது. டோவி நீண்டது, தலையும் வாயும் ஓநாயைப் போல முன்னால் கூராகப் போகும். ஆங்கிலத்தில் ஓநாய் சிக்லிட் என்று அழைப்பது பொருத்தம்தான். வளர்ந்த ஆண், வெள்ளி கலந்த பச்சையில் ஊதாப் புள்ளிகள் தெறித்தது போல இருக்கும், நெற்றி மேடிடும். பெண் எலுமிச்சை மஞ்சள், பக்கவாட்டில் கறுப்புப் பட்டை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் ஒரே இனம் என்று யாரும் நம்ப மாட்டார்கள். இரண்டங்குலத்தில் மட்டும் எது ஆண், எது பெண் என்று யாராலும் சொல்ல முடியாது. கடைக்காரர் 'ஜோடி' என்று விற்றால் அவர் விற்பது இரண்டு குஞ்சுகள், அவ்வளவே.

ஊர் மத்திய அமெரிக்கா: ஹோண்டுராஸ், நிகராகுவா, கோஸ்டாரிகா. அங்கே குவாபோத்தே என்பார்கள், தூண்டில்காரர்களின் செல்ல மீன். நிகராகுவா ஏரி எட்டாயிரம் சதுர கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது, சான் ஹுவான் ஆற்றின் வழியாகக் கடலிலிருந்து சுறாக்கள் ஏறிவரும் ஏரி. அந்தத் தண்ணீரில் வளர்ந்த சாதி இது.

பெயர்க் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1864இல் ஆல்பர்ட் குந்தர் இந்த மீனை விவரித்துப் பெயரிட்டார். மத்திய அமெரிக்கக் கரையோரம் கப்பல் ஓட்டிய ஜான் மெல்மத் டவ் என்ற கேப்டன் உயிரினங்களைச் சேகரித்து அருங்காட்சியகங்களுக்கு அனுப்புவார். அவர் பெயரை லத்தீனில் எழுதும்போது 'டோவி' ஆகிவிட்டது. ஒரு வகைத் தபீருக்கும் அவர் பெயரை வைத்திருந்தார்கள். கப்பலோட்டியின் பெயர் இன்று கொளத்தூர்ச் சந்துகளில் புழங்குகிறது என்பது எனக்குப் பிடித்த விஷயம்.

8 ஜனவரி 2024, பிற்பகல்

உலகிலேயே பெரிய சிக்லிட் டோவி அல்ல. அதுதான் பெரியது என்று ஒருவர் அடித்துச் சொல்லியிருப்பதால் இதை எழுதுகிறேன். டோவி 72 சென்டிமீட்டர் வரை பதிவாகியிருக்கிறது. அமேசானின் புள்ளி பீகாக் பாஸ் ஏறத்தாழ ஒரு மீட்டர் வளரும். 2010இல் பிரேசிலில் தூண்டிலில் பிடித்த ஒன்று 13.19 கிலோ. ஆப்பிரிக்காவின் டாங்கனிக்கா ஏரியில் இருக்கும் எம்பரர் சிக்லிட்டும் டோவிக்கு இளைத்ததல்ல. மத்திய அமெரிக்காவின் பெரிய சிக்லிட் என்று சொன்னால் சண்டைக்கு வர மாட்டேன்.

13 ஜனவரி 2024

'நான்கடித் தொட்டி ஓராண்டுக்குத் தாங்கும்' என்று முதல் நாள் எழுதினேன். ஐந்து நாளாக அந்த வரி உறுத்திக்கொண்டே இருக்கிறது. பழைய நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். திருச்சித் தம்பி, கடைக்குப் போகுமுன் இதைப் படித்துவிடுங்கள்.

என் டோவியின் அளவுகள்: 2017 பிப்ரவரியில் ஐந்து சென்டிமீட்டர். ஜூனில் 14. டிசம்பரில் 27. 2018 ஆகஸ்டில் 37. எட்டடித் தொட்டிக்கு மாறியது அந்த ஆகஸ்டில்தான். அதாவது நான் 'ஓராண்டு' என்று எழுதியது என் வீட்டிலேயே ஒன்றரை ஆண்டாக இருந்தது.

ஏன் தாமதம்? அப்போது மாடியில் வாடகைக்கு இருந்தேன். எட்டுக்கு இரண்டரைக்கு இரண்டடித் தொட்டி என்றால் 1,130 லிட்டர் தண்ணீர். தண்ணீர் மட்டும் ஒரு டன்னுக்கு மேல். 12 மில்லிமீட்டர் கண்ணாடியும் இரும்புத் தாங்கியும் சேர்ந்தால் ஒன்றரை டன்னை நெருங்கும். வீட்டுக்காரர் முடியாது என்றார், அவர் சொன்னது நியாயம். தரைத்தள வீடு தேடினேன், பணம் சேர்த்தேன், கண்ணாடி ஒட்டுபவர் தேதி கொடுத்தார், தள்ளிப் போட்டார், மறுபடி கொடுத்தார். மீன் இதற்கெல்லாம் காத்திருக்காமல் வளர்ந்துகொண்டே இருந்தது.

அந்தக் கடைசி ஆறு மாதம் 255 லிட்டரில், 46 சென்டிமீட்டர் அகலத்தில் கிடந்தான். மீன் கழிவால் தண்ணீரில் சேரும் நைட்ரேட்டின் அளவு 80க்குக் கீழே இறங்கவே இல்லை, வாரம் மூன்று முறை பாதித் தண்ணீர் மாற்றியும். 2018 மே மாதம் கண்ணுக்கு மேலே தலையில் சின்னச் சின்னக் குழிகள் விழுந்தன. பெரிய தொட்டிக்குப் போனபின் அவை பரவவில்லை, ஆனால் மறையவும் இல்லை. இப்போதும் விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் ஏழு குழிகளை எண்ணலாம்.

ஆகவே கணக்கை இப்படிப் போடுங்கள். தொட்டியின் நீளத்தைப் பார்க்காதீர்கள், அகலத்தைப் பாருங்கள். 60 சென்டிமீட்டர் மீன் 46 சென்டிமீட்டர் அகலத்தில் உடம்பை வளைக்காமல் திரும்ப முடியாது. எட்டடியிலும் அகலம் ஒன்றரையடி என்றால் அது நீளமான சிறைதான். குறைந்தது இரண்டரையடி அகலம் வேண்டும்.

குஞ்சு வாங்கும் நாளில் பெரிய தொட்டி வீட்டில் தண்ணீரோடு ஓடிக்கொண்டிருக்க வேண்டும். 'பிறகு கட்டிக்கொள்ளலாம்' என்ற திட்டத்தில் இந்த மீனை வாங்க வேண்டாம். முதல் பதிலில் நான் சொன்னது தவறு.

14 ஜனவரி 2024

சேலம் நண்பர் கேட்டது: இரண்டங்குலக் குஞ்சை 1,130 லிட்டரில் விட்டால் தொலைந்து போகாதா, தீனி கண்ணில் படுமா? படும். டோவிக் குஞ்சின் கண்ணுக்குத் தப்பும் தீனி கிடையாது.

17 ஜனவரி 2024

தங்கமீனில் உள்ள கெடுதல் நெத்திலியிலும் உண்டு என்று பொங்கல் விடுமுறையில் தூத்துக்குடி நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். அவர் சொன்னது சரி, இன்னொரு திருத்தம் எழுதுகிறேன்.

தங்கமீனை ஏன் தீனியாகப் போடக் கூடாது என்றால், அதன் உடம்பில் தயாமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அது வைட்டமின் பி1ஐச் சிதைக்கும். மாதக்கணக்கில் அதையே தின்னும் மீன் பசியின்றிப் போய், நிலை தடுமாறி நீந்தும். கெண்டைக் குடும்ப மீன்கள் பலவற்றில் இந்த நொதி உண்டு. இவ்வளவும் தெரிந்த நான் நெத்திலியைப் பரிந்துரைத்தேன். நெத்திலி வகையிலும் சிலவற்றில் அது இருக்கிறது. இறால்களிலும் சிலவற்றில் உண்டு. கொதிநீரில் நன்றாக வெந்தால் நொதி செயலிழந்துவிடும், ஆகவே வேகவைத்துக் கொடுக்கலாம். ஆனால் நாள்தோறும் ஒரே தீனி வேண்டாம்.

நான் இப்போது கொடுப்பது: வாரம் நான்கு நாள் பெரிய பெல்லட், ஒரு நாள் ஜிலேபிக் கெண்டையின் சதைத் துண்டு, ஒரு நாள் ஓட்டோடு இறால், ஒரு நாள் பட்டினி. மாட்டு ஈரல், கோழிக் கொழுப்பு எதுவும் இல்லை. அந்தக் கொழுப்பு மீனின் கல்லீரலில் போய்ப் படியும்.

கடையிலிருந்து வந்தபோது உயிருள்ள மீனுக்கே பழகியிருந்தான். பெல்லட்டுக்கு மாற ஒன்பது நாள் பட்டினி கிடந்தான். பத்தாம் நாள் தின்றான். கஷ்டப்பட்டது நானும் அம்மாவும்தான். 'குழந்தையைப் பட்டினி போடுகிறாயே' என்று தினமும் காலையில் கேட்டுக்கொண்டிருந்தார்.

28 ஜனவரி 2024

இந்தக் குறிப்பை எழுத வேண்டாம் என்றே இருந்தேன். ஆனால் முதல் பதிலைப் படித்துவிட்டுக் கோவையில் ஒருவர் தட்டி வாங்கி ஓட்டை வெட்டியிருப்பதாக எழுதியிருக்கிறார். இனி மௌனமாக இருக்க முடியாது.

'நான் செய்திருக்கிறேன், முட்டையும் வந்தது' என்றேன். பாதிக் கதை அது.

2019 ஜூலையில் பெண் டோவி ஒன்று வாங்கினேன், இருபது சென்டிமீட்டர். ஆண் அப்போது 42. எட்டடித் தொட்டியை இரண்டாகப் பிரித்துத் தட்டி வைத்தேன். எட்டுக்கு ஐந்து சென்டிமீட்டரில் ஓட்டை. அவள் புத்திசாலி. இரண்டு நாளில் ஓட்டையின் பயனைக் கண்டுகொண்டாள். ஆண் பக்கம் போவாள், அவன் செவுளை விரித்து நடுங்கிக் காட்டுவான், அவளும் நடுங்குவாள், அவன் பாய்ந்தால் மின்னலாகத் திரும்பிவிடுவாள். மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருப்பேன். நவம்பரில் கடப்பாக் கல்மேல் முட்டையிட்டார்கள். ஆயிரத்துக்கும் மேல் இருக்கும். மூன்றாம் நாள் பொரியுமுன் பூஞ்சணம் பிடித்து எல்லாம் போயிற்று. அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன்.

அடுத்த முறை 2020 மார்ச் கடைசி. ஊரடங்கு தொடங்கிய வாரம், வீட்டிலேயே இருந்தேன். அவளுக்கு வயிறு நிறைய முட்டை. ஆண் பக்கம் போயிருக்கிறாள், அவன் தயாராக இல்லை. திரும்பி ஓட்டைக்குள் பாய்ந்திருக்கிறாள். தலை நுழைந்தது, வயிறு நுழையவில்லை. பக்கத்து அறையில் இருந்த எனக்குத் தொட்டி மூடி அதிரும் சத்தம் கேட்டது. வந்து பார்த்தபோது அவள் ஓட்டையில் சிக்கி நிற்க, அவன் பின்னாலிருந்து கடித்துக்கொண்டிருந்தான். தட்டியை உருவி அவளைத் தனித் தொட்டியில் விட்டேன். உப்புப் போட்டேன், காற்றுக் குழாய் வைத்தேன். இரண்டு நாள் இருந்தாள்.

பிறகு அளந்தேன். அவள் 27 சென்டிமீட்டர் இருந்தாள். ஓட்டையை வெட்டியது அவள் இருபதில் இருந்தபோது. எட்டு மாதத்தில் ஒரு முறைகூட அதைத் திரும்ப அளக்கவில்லை. அவள் ஒவ்வொரு நாளும் அந்த வழியில் போய் வருவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், அது இறுகிக்கொண்டே வருவது கண்ணில் படவில்லை. முட்டை நிறைந்த உடம்பு எவ்வளவு பருக்கும் என்றும் யோசிக்கவில்லை.

கோவை நண்பரே, ஓட்டை வைத்த தட்டி வேண்டாம். முழுத் தட்டி வையுங்கள், முடிந்தால் இரண்டு. இருவரும் ஒருவரையொருவர் பார்க்கட்டும், அது போதும். குஞ்சு எடுத்தே ஆக வேண்டும் என்பவர்கள், ஒரே அளவில் ஏழெட்டுக் குஞ்சுகளை ஒன்றாக வளர்த்து, தானாகச் சேரும் ஜோடியை மட்டும் வைத்துக்கொண்டு, மீதியை நல்ல கைகளில் கொடுப்பதைத்தான் பார்க்கிறேன். அதற்கும் இரண்டாயிரம் லிட்டருக்குக் குறைந்து நான் இறங்க மாட்டேன். அந்த ஜோடியும் ஒரு நாள் முறியலாம்.

29 ஜனவரி 2024

ஆறுதல் சொன்ன எல்லோருக்கும் நன்றி. ஆணைக் குற்றம் சொல்லி எழுதியவர்களுக்கு மட்டும் ஒன்று. ஏரியில் துரத்தப்படும் பெண் பத்து மீட்டர் தள்ளிப் போய்விடும், சண்டை அதோடு முடியும். என் தொட்டியில் அவளுக்கு இருந்தது நான்கடி. அவன்மேல் எனக்கு ஒரு நாளும் கோபம் வந்ததில்லை.

4 பிப்ரவரி 2024

டோவிக்குத் தாய்ப்பாசம், தந்தைப்பாசம் எல்லாம் உண்டா என்று சிங்கப்பூர் நண்பர் கேட்டதற்கு மகிழ்ச்சியோடு பதில் எழுதுகிறேன். நிறைய உண்டு. தாயும் தந்தையும் சேர்ந்தே முட்டையையும் குஞ்சையும் காக்கும்.

இதைவிட வியப்பான ஒன்று இருக்கிறது. மனாகுவா நகருக்குப் பக்கத்தில் ஹிலோவா என்ற எரிமலைவாய் ஏரி. அங்கே நீருக்கடியில் மீன்களைக் கவனித்த கென்னத் மெக்கே 1977இல் எழுதிய கட்டுரையில் இதைச் சொல்கிறார்: டோவியின் குஞ்சுகளை வேறொரு இனத்து ஆண் மீன் நின்று காவல் காக்கிறது. அது நிகராகுவா சிக்லிட். பாசியும் தழையும் தின்னும் மீன், கொன்றுண்ணிக்கு நெருங்கிய உறவு இல்லை. தன் வேலையை விட்டுவிட்டு ஏன் பிறத்தியார் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறது?

மெக்கேயின் விளக்கம்: நிகராகுவா சிக்லிட்டுக்கு முட்டையிடப் பொந்து வேண்டும். அதே பொந்துகளுக்கு நியேட்ரோப்ளஸ் என்ற சிறு மீன் போட்டி போடுகிறது. அந்தச் சிறு மீனை டோவி தின்னும். டோவிக் குஞ்சுகள் பிழைத்து வளர்ந்தால் பொந்துக்குப் போட்டி குறையும். எதிரியின் எதிரிக்குப் பிள்ளை வளர்த்துக் கொடுக்கிறது.

இந்த விளக்கத்தை ஏற்பதா என்று எனக்கு இன்னும் ஒரு மனத்தடை உண்டு. அந்த உதவியால் பயன் பெறுவது அந்த ஒரு மீன் மட்டுமா, ஏரியில் உள்ள எல்லா நிகராகுவா சிக்லிட்டுகளுமா? உழைக்காதவனுக்கும் பொந்து கிடைக்குமே. ஆனால் காவல் காத்தது கண்ணால் கண்டது. அதைப் படித்த நாளிலிருந்து 'இது வெறும் கொலைகார மீன்' என்று யாராவது பேசினால் எனக்குப் பொறுக்காது.

11 பிப்ரவரி 2024

மிக்ஜாம் புயலில் என்ன செய்தீர்கள் என்று இரண்டு பேர் கேட்டார்கள். வீடு பெரம்பூர், தரைத்தளம். டிசம்பர் 4 காலையில் வாசலின் இரண்டாம் படி வரை தண்ணீர். மின்சாரம் 44 மணி நேரம் இல்லை. இன்வெர்ட்டர் முதல் ஆறு மணி நேரத்திலேயே தீர்ந்தது.

பேட்டரியில் ஓடும் காற்றுப் பம்ப் இரண்டு வைத்திருந்தேன், ஒன்றை மாற்றி ஒன்று ஓடியது. இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து, குவளையால் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து கால் மணி நேரம் ஊற்றினேன். அம்மாவும் ஒரு முறை எழுந்து ஊற்றினார், எழுபத்தொரு வயதில். புயல் அறிவிப்பு வந்ததிலிருந்து தீனி போடவில்லை.

ஆனால் மீன் பிழைத்ததற்கு முதல் காரணம் குவளை இல்லை. 1,130 லிட்டரில் ஒரே மீன், டிசம்பர்க் குளிர்ச்சி, தீனியில்லாத வயிறு. அதே மீன் 255 லிட்டரில் இருந்திருந்தால் முதல் இரவிலேயே மேலே வந்து வாயைத் திறந்திருக்கும்.

ஒன்றை மறக்காதீர்கள். மின்சாரம் வந்ததும், தொட்டிக்கு வெளியே மூடிய குடுவையாக இருக்கும் கேனிஸ்டர் ஃபில்டரை அப்படியே ஓடவிடாதீர்கள். ஆக்சிஜன் இல்லாமல் உள்ளே செத்த பாக்டீரியாவும் அழுகலும் ஒரே வீச்சில் தொட்டிக்குள் வரும். திறந்து, பஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள். தண்ணீரைச் சுத்தம் செய்யும் பாக்டீரியாவில் பாதி போயிருக்கும் என்று எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் அரைத் தீனி.

9 மே 2024

தொட்டித் தண்ணீர் இன்று 32 டிகிரி. இந்த வெப்பத்தில் தண்ணீர் பிடித்துவைக்கும் ஆக்சிஜன் லிட்டருக்கு 7.3 மில்லிகிராம், 25 டிகிரியில் அது 8.3. மீனுக்கோ வெப்பத்தில் தேவை கூடுகிறது. மூடியில் பாதியை வலையாக மாற்றி, மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் திருப்பிவிட்டால் இரண்டு டிகிரி குறைகிறது. பனிக்கட்டிப் பையைப் போடுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை, ஏறி இறங்குவதுதான் கெடுதல்.

நம் ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பைப் பற்றிப் பலரும் கவலைப்படுகிறார்கள். டோவிக்கு அது தோதுதான், மத்திய அமெரிக்க சிக்லிட்டுகள் சற்றுக் கடினமான தண்ணீரைத் தாங்கும். லாரித் தண்ணீர் என்றால் மட்டும் ஹைப்போ போட்டுக் குளோரினை முறியுங்கள். வாரந்தோறும் நான் மாற்றும் 450 லிட்டர் பின்கட்டுத் தென்னைக்குப் போகிறது. அந்த மரத்தில் காய் பிடிப்பதைப் பார்க்க வேண்டும்.

23 ஜூன் 2024

இன்று வந்த ஒரு கடிதம் தூக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஊரும் பெயரும் சொல்ல மாட்டேன். 45 சென்டிமீட்டர் டோவி, இனி வைத்துக்கொள்ள முடியவில்லை, 'பக்கத்து ஏரியில் விட்டுவிடலாமா, சுதந்திரமாக இருக்குமே' என்கிறார். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்.

கூடாது. நிகராகுவா ஏரி இருப்பது ஏறத்தாழத் திருச்சியின் அட்சரேகையில். அங்கே பிழைக்கும் மீனுக்கு இங்கே என்ன தடை? 1960களின் இறுதியில் பனாமாவின் காத்தூன் ஏரிக்குள் பீகாக் பாஸ் பரவியது. 1973இல் சயன்ஸ் இதழில் வந்த ஆய்வு, முன்பு சாதாரணமாகக் கிடைத்த உள்ளூர் மீன்களில் பெரும்பாலானவை அங்கே துடைத்தெடுக்கப்பட்டதைக் காட்டியது. அதுவும் கொன்றுண்ணும் சிக்லிட்தான்.

அவ்வளவு தூரம் போக வேண்டாம். நம் குளங்களில் ஜிலேபிக் கெண்டை எப்படி வந்தது? 1952இல் கொண்டுவந்த ஆப்பிரிக்க சிக்லிட். இன்று அது இல்லாத ஏரி எது? தொட்டி அழுக்கைத் தின்னும் என்று வாங்கி, பெரிதானதும் ஏரியில் கொட்டிய டேங்க் கிளீனர் மீன் இன்று மீனவர் வலைகளைக் கிழிக்கிறது. 2018 வெள்ளத்துக்குப் பிறகு கேரள ஆறுகளில் அராபைமா என்ற தென்னமெரிக்கப் பெருமீன் அகப்பட்டது. கரிமீன் நம் கழிமுகத்தின் சொந்த சிக்லிட், குஞ்சுகளை வாயில் வைத்துச் சுமக்காமல் பக்கத்தில் நின்று காக்கும் மீன். அதன்மேல் டோவியை ஏவிவிட நமக்கு என்ன உரிமை?

அவருக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். பெரிய தொட்டி உள்ள இரண்டு பேரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். யாரிடமும் இடமில்லை என்றால் கிராம்பு எண்ணெயில் மயக்கி வலியில்லாமல் முடித்துவிடுவதுகூட ஏரியில் விடுவதைவிட நேர்மையானது. இதை எழுதும்போது கை நடுங்குகிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

30 ஜூன் 2024

அந்த மீனுக்கு இடம் கிடைத்துவிட்டது. சிமென்ட் தொட்டி, நான்காயிரம் லிட்டர், மேலே வலை.

18 ஆகஸ்ட் 2024

தனியாக வைப்பது கொடுமையில்லையா என்று ஒரு சகோதரி கேட்டார். பல நாள் யோசித்தேன்.

அவன் தனியாக இல்லை என்று என்னால் நிரூபிக்க முடியாது. நான் பார்ப்பதைச் சொல்கிறேன். காலையில் அம்மா பூஜை அறைக்குப் போகும்போது தொட்டியின் நீளம் முழுவதும் அவரோடு நீந்திப் போகிறான், திரும்பும்போது திரும்பி வருகிறான். என்னைக் கண்டால் மேலே வருகிறான். கண்ணாடி துடைக்க நான் பயன்படுத்தும் நீலத் துணியைக் கண்டால் செவுளை விரிக்கிறான், மஞ்சள் துணியென்றால் கவலைப்படுவதில்லை. மணலை வாயால் அள்ளி ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு மாற்றுவதே அவன் தொழில். நான் சமன்படுத்தினால் இரவுக்குள் பழையபடி ஆக்கிவிடுவான். மாதம் ஒரு முறை கற்களை இடம் மாற்றி வைப்பேன், அன்று முழுக்க ஊர் சுற்றிப் பார்ப்பவன் போல ஒவ்வொன்றையும் முகர்ந்து வருவான்.

அவனுக்கு வேண்டியது துணையா, இடமா என்றால் இடம் என்பேன். இந்த வகை மீன் பதினைந்து ஆண்டு வாழக்கூடியது. அவனுக்கு இன்னும் பாதி வயது இருக்கிறது. அடுத்த ஆண்டு தொட்டியை மூன்றரையடி அகலத்துக்கு மாற்றிக் கட்டச் சீட்டுப் போட்டிருக்கிறேன்.

10 நவம்பர் 2024

திருச்சித் தம்பி பத்து மாதம் கழித்து எழுதியிருக்கிறார். அவர் டோவி வாங்கவில்லை. நாடாவை எடுத்து வீட்டை அளந்தாராம். எட்டடித் தொட்டி மாடிப்படி திருப்பத்தில் ஏறாது, கூடத்தில் வைத்தால் கதவு திறக்காது. அந்த நான்கடித் தொட்டியில் கான்விக்ட் என்ற சிறிய சிக்லிட் ஜோடி ஒன்றை விட்டிருக்கிறார். கவிழ்த்த பூந்தொட்டிக்குள் குஞ்சு பொரித்திருக்கிறதாம். தாய் மீன் விரல் நீளம்தான், கையை விட்டால் அவரையே கடிக்கிறது என்று பெருமையாக எழுதியிருக்கிறார். கான்விக்ட்டும் மத்திய அமெரிக்காதான் தம்பி, டோவிக்குத் தூரத்துச் சொந்தம், அந்த வீரம் சும்மா வராது.

குஞ்சுக்கு என்ன கொடுப்பது என்று கேட்டிருந்தீர்கள். நீந்தத் தொடங்கிய நாளிலிருந்து புதிதாகப் பொரித்த ஆர்ட்டீமியா என்ற நுண்ணிய இறால் வகை, நாளுக்கு மூன்று வேளை, கொஞ்சம் கொஞ்சமாக. ஃபில்டரின் வாயில் பஞ்சு சுற்றிவிடுங்கள், இல்லையென்றால் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். ஆண் பெண்ணைத் துரத்தத் தொடங்கினால் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பிரித்துவிடுங்கள். தட்டி வைத்தால் முழுத் தட்டி.